ஒரே முளைக்கு இரண்டு உயரம்

தேற்றாத்தீவுச் சந்தியில் இறக்காமல் அப்பால் கொண்டுபோன பஸ் நடத்துனரோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. "ஏறாவூரில இரிந்து கதைக்கிறன். ஆதம்லெவ்வைட மருமகன். மாமா மௌத்தாகிட்டாரு. அசர் தொழுகைக்குப் புறகு அடக்கம்" என்றது ஒரு குரல். இருந்த கோபத்தில், "இத ஏன் இப்பதான் சொல்றீங்க?" என்று அந்த மனிதரின் மேலும் பாய்ந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "விடியச் சுபஹோடதான் மௌத்து. மாமாட கொப்பியில இந்த நம்பர் இரிந்திச்சி. பேர் எழுதல்ல. ஆரெண்டு தெரியாமத்தான் எடுத்தன்." என் முகத்தைப் பார்த்த நடத்துனர் மணியை அடித்து பஸ்ஸை நிறுத்தினார்.

வந்த வழியே வீட்டுக்கு நடந்தபோதுதான் இதை எழுதுவதென்று முடிவெடுத்தேன். எங்கள் அளவை அலுவலகத்தில் போர்க்காலத்தில் வேலை செய்தவர்கள் இன்றைக்கு மட்டக்களப்பிலும் கனடாவிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும், "லெவ்வை நானாவா? அந்தக் கேம்ப் காணி விசயத்தில மட்டத்தைப் பிழையாக் குடுத்தவர்தானே?" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் அவர்களுக்குத் தெரியாத ஒரு பாகம் இருக்கிறது. அது எனக்கு மட்டும் தெரியும். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். நான் ஒரு பிழையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நானாவை நேசித்தவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நானா எங்கள் அலுவலகத்தில் நிலத்தின் மட்டம் பார்ப்பவர். காலை ஏழு மணிக்குப் பாலத்தடிக்குப் போய், அங்கே நட்டிருந்த அளவுப் பலகையில் வாவியின் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் அவருடைய வேலைதான். கடையடைப்பு நாளிலும் எழுதுவார், பெருநாளன்று தொழுகைக்குப் போகும் வழியிலும் எழுதுவார். "ஆத்துக்கு லீவு இல்ல புள்ள" என்பார். எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். எனக்கு அவரைக் கண்டால் முதலில் எரிச்சல். கம்பியூட்டரில் நிலப்படம் செய்வதற்காக என்னை எடுத்திருந்தார்கள். நான் எழுதும் ஏழு அவருக்கு ஒன்று மாதிரித் தெரியுமாம். ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பித் தருவார். ஒருநாள் தாளைக் கிழித்து அவருடைய மேசையிலேயே போட்டேன். அவர் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, அதிலும் விடுபட்ட ஒரு ஏழைக் கண்டுபிடித்துக் கோடு போட்டார்.

ஒருமுறை சித்தாண்டிக்கு வெளிவேலைக்குப் போனோம். இராணுவச் சென்றியில் காவலுக்கு நின்ற இளம் சிப்பாய்க்கு எங்கள் மட்டக்கோலைப் பிடிக்கவில்லை. நீண்ட உறைக்குள் இருந்த அதைத் துப்பாக்கி முனையால் தட்டினான். நானா உறையைக் கழற்றி, கோலை நீட்டி, அதைச் சிப்பாயின் கையிலேயே கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த கல்லில் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் போய்க் கருவிக்குள் கண்ணை வைத்தார். "நேரப் புடிங்க மாத்தயா, சாயுது" என்று இரண்டு தரம் அதட்டினார். அந்தப் பொடியன் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வரும்போது நானாவின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பயப்படாத ஆள் என்று நான் அவரைப் பற்றி எப்போதும் நினைத்ததில்லை.

அன்றைக்கு நாங்கள் அளந்தது, சித்தாண்டிக்கு மேற்கே வட்டையின் ஓரமாகப் போகும் நீண்ட வரம்பில் அடித்திருந்த மர முளைகளை. வட்டை என்றால் எங்கள் ஊரில் பரந்த வயல்வெளி. அந்த வரம்பு அப்போது வெறும் வரம்பாக இருக்கவில்லை. வாவி எட்டாத அந்த இடத்தில் அதுதான் எல்லை: இந்தப் பக்கம் இராணுவத்தின் கட்டுப்பாடு, அந்தப் பக்கம் இயக்கத்தின் கட்டுப்பாடு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று பாட்டன் காலத்தில் இருந்தே சொல்லி வந்த எங்களுக்கு, அந்த வருடங்களில் படுவான்கரைக்கு ஒரு கடிதம் அனுப்புவதே பெரும்பாடு.

வெள்ளம் எங்கெங்கே ஏறும் என்று காட்டும் படம் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அளவுகாரர் கரை கடக்க முடியாததால் இரண்டு குழுக்கள். கிழக்கை நாங்கள் அளந்தோம். மேற்கை, எங்களுக்கு முந்திய மாரியில், அங்கேயே இருந்த ஒரு குழு அளந்திருந்தது. இரண்டு குழுவும் அந்த வரம்பின் முளைகளையே எல்லையாக வைத்துக்கொண்டன. அளந்த புள்ளிகளைக் கம்பியூட்டருக்குள் போட்டால், அது புள்ளிகளைச் சேர்த்துச் சின்னச் சின்ன முக்கோணங்களாக நிலத்தைப் பின்னித் தரும். எங்களிடம் இப்படி இரண்டு வலைகள் இருந்தன. அவற்றை வரம்பு நெடுகிலும் கண்ணிக்குக் கண்ணி பொருத்தி ஒரே வலையாக்குவது என் வேலை. பொருந்தாத விளிம்பு திரையில் சிவப்பாக நிற்கும். பொருந்தியதும் சிவப்பு மறைந்துவிடும்.

சிவப்பு மறையவில்லை. எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் புள்ளிகளை ஒன்றாக இழுத்துச் சேர்க்கலாம் என்று அந்த மென்பொருளுக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் கொடுத்தேன். பத்துக் கொடுத்தேன். ஐம்பது கொடுத்தேன். வரம்பு முழுவதும் சிவப்பு அப்படியே இருந்தது. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தபோது, மேற்கு வலை கிழக்கு வலையைவிட ஒரு படி உயரமாக நிற்பது தெரிந்தது. ஒரே முளைக்கு இரண்டு உயரம். நான் அதைக் கண்டேன். இந்த வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. கண்டும், எழுந்துபோய் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று நாளாக அந்தச் சிவப்போடு மாரடித்து அலுத்துப் போயிருந்தேன். எண்ணை ஒரு மீற்றராக்கி விசையைத் தட்டினேன். சிவப்பு முழுவதும் ஒரே நொடியில் போய்விட்டது. நிம்மதியாகப் போய்த் தேநீர் குடித்தேன்.

அந்த வாரம் மாரி தொடங்கிவிட்டது. கதிரவெளிப் பக்கத்தில் சண்டை மூண்டு, சனம் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து கோயில் மண்டபங்களில் இறக்கினார்கள். அவர்களுக்குக் கூடாரம் போட ஒரு பெரிய காணி வேண்டும். சித்தாண்டிக்கு மேற்கே, வரம்புக்கு அப்பால், அப்போதுதான் கை மாறியிருந்த ஒரு வெறுங்காணியைப் பார்த்து வைத்திருந்தார்கள். எங்கள் பொறியியலாளர் என் மேசைக்கு வந்து, "மெப்பில அந்தக் காணி என்ன சொல்லுது?" என்றார். என் படத்தில் அது பச்சையாக இருந்தது. பெருவெள்ளம் வந்தாலும் இரண்டடி மிச்சம். "தண்ணி ஏறாது சேர்" என்றேன். மறுநாள் மத்தியானத்துக்குள் படத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பாலத்தடியில் மட்டம் பார்த்துவிட்டு வந்த நானா, தலையைத் துவட்டிக்கொண்டே என் திரையின் முன் நின்றார். தன் ஆற்றை அதில் பார்ப்பதில் அவருக்கு ஓர் ஆசை. வரம்பு ஓடும் இடத்தில் விரலை வைத்தார்.

"இதென்ன புள்ள, இந்த இடத்தில ஒரு சரிவு?"

"நிலம் அப்பிடித்தான் இரிக்கு."

"நான் அந்த வரம்பில நடந்தவன். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். இஞ்ச பாரு, எல்லா முக்கோணமும் ஒரே பக்கமாச் சாஞ்சி நிக்கிது. பொருத்தினத ஒருக்கா அவிழ்த்து உடு."

"நேரமில்ல நானா. மத்தியானம் குடுக்கோணும்."

"அவிழ் புள்ள."

அவிழ்த்தேன். சிவப்புக் கோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு முளையாக இரண்டு உயரத்தையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எல்லா இடத்திலும் வித்தியாசம் இரண்டரை அடி. ஏழெட்டு முளைக்குப் பிறகு கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அளந்தவன் கவனமில்லாதவனாக இருந்தால் வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், நெடுகிலும் ஒரே அளவு என்றால் தொடங்கின இடம் பிழை என்றார். சொல்லும்போதே அவருடைய முகம் மாறிவிட்டது. நேரே அலுமாரிக்குப் போய்ப் போன மாரிக்குரிய பதிவேட்டை எடுத்து வந்தார். அதைத் திறந்தபோது பக்கங்களுக்கு நடுவே ஒட்டிய கடித உறை ஒன்று இருந்தது. நானாவின் கையெழுத்து. படுவான்கரைக் குழுவின் தலைவருடைய பெயர் எழுதியிருந்தது.

அவர் கதிரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி எனக்கு விளங்கப்படுத்தினார். மேற்குக் கரையில் உயரம் குறித்த பழைய கற்களெல்லாம் பெயர்ந்து போயிருந்தன. தொடங்குவதற்கு ஓர் உயரம் இல்லாமல் அந்தக் குழு தவித்தது. ஆறு இரண்டு கரைக்கும் ஒரே மட்டம்தானே, பாலத்தடியில் தண்ணீர் எத்தனை அடி என்று எழுதி அனுப்பினால் அவர்கள் தங்கள் கரையில் தண்ணீர் ஓரத்தில் இருந்து தொடங்கலாம் என்று யோசனை சொன்னவரே நானாதான். மூன்றடி என்று எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் தோணித்துறையைக் கடந்து போய்ச் சேர எட்டு நாள் ஆனது. அதற்குள் வெள்ளத்தை இறக்குவதற்காக முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு வழி திறந்துவிட்டார்கள். ஆறு மூன்றடியிலிருந்து அரையடிக்கு இறங்கிவிட்டது. அங்கே அவர்கள் இறங்கின தண்ணீரில் நின்றுகொண்டு மூன்றடி என்று தொடங்கினார்கள். மேற்கு முழுவதும் இரண்டரை அடி உயர்ந்துபோனது அப்படித்தான். முகத்துவாரம் வெட்டின அன்றே நானா இரண்டாவது கடிதம் எழுதியிருந்தார். கொண்டுபோனவரைத் துறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அனுப்பலாம் என்று பதிவேட்டுக்குள் வைத்தவர், மறந்துபோனார்.

"அந்தக் காணிக்கு மெப்பில எவ்வளவு மிச்சம்? அதில ரெண்டரையைக் கழி" என்றார்.

கழிப்பதற்கு எனக்குக் கம்பியூட்டர் தேவைப்படவில்லை. வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "விட்டிருங்க நானா. திரும்பப் பொருத்தி விடுறன். பெருவெள்ளம் எல்லா வருசமும் வாறதில்லையே" என்றேன். அவருக்காகத்தான் சொல்கிறேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. பொறியியலாளரின் அறையில் அன்று காலையில் இருந்து சீருடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேற்கில் பிழை இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, ஏன் என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். அக்கரைக்குத் தண்ணீர் மட்டம் எழுதிய, திகதியும் கையெழுத்தும் உள்ள கடிதம். அந்த நாட்களில் அதைவிடச் சிறிய காகிதத்துக்காக ஆட்கள் காணாமல் போனார்கள். போதாக்குறைக்கு நானா ஏறாவூர்க்காரர், காணிக்குப் போக இருந்ததோ தமிழ்ச் சனம். வேண்டுமென்றே செய்தான் என்று சொல்வதற்கு எங்கள் ஊர்களில் வாய்களுக்குப் பஞ்சமில்லை.

நானா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீ இந்தப் படிய முதலே கண்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தலை குனிந்தேன். அவர் சட்டைப்பையில் இருந்த பணத்தையும் கைக்கடிகாரத்தையும் எடுத்து என் மேசையில் வைத்தார். "புறகு தேவைப்பட்டா வீட்ட குடு" என்றார். பிறகு கடிதத்தையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு பொறியியலாளரின் அறைக்குள் போனார். நான் கூடப் போகவில்லை. போயிருக்க வேண்டும். அறைக்கும் என் மேசைக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்புத்தான். எல்லாம் கேட்டது.

"சேர், மேற்கு மட்டம் பிழை. அது என்ட பிழைதான். அந்தக் காணியில சனத்த இருத்தினா தண்ணி ஏறும்" என்று தொடங்கினார். பொறியியலாளர் பதறிப்போய், நேற்றுப் படத்தில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது, யார் இதைக் கண்டது என்று கேட்டார். ஒரு மீற்றர் கதை வெளியே வரப்போகிறது என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் புள்ளதான் சேர். ரெண்டையும் பொருத்தக்குள்ள பிழையக் கண்டு என்னக் கூப்பிட்டுக் காட்டினது. புள்ளைட வேல சரி" என்றார் நானா.

பிறகு சிங்களத்தில் கேள்விகள் தொடங்கின. கடிதம் யாருக்கு, எத்தனை கடிதம், வேறு என்ன எழுதினாய். நானா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவரை வெளியே அழைத்து வந்து ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மேசையைக் கடக்கும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கும் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய மனைவி ஸபியா ராத்தாவுக்கு யார் சொன்னார்களோ, ஒரு மணித்தியாலத்தில் வந்து அலுவலக வாசலில் நின்றார். "என்ன நடந்த புள்ள?" என்று என்னைத்தான் கேட்டார். பணத்தையும் கடிகாரத்தையும் அவருடைய கையில் கொடுத்தேன். "மட்டத்தில ஏதோ பிழையாம்" என்றேன். அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நானா மறுநாள் பத்து மணிக்கு நடந்து வந்தார். எங்கே இருந்தார், என்ன செய்தார்கள் என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை. வலது கையால் பேனா பிடிக்க ஒரு மாதம் கஷ்டப்பட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கேம்ப் எங்க போட்டாங்க?" என்பதுதான். மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில், மேட்டில் உள்ள பள்ளிக்கூடக் காணியில் என்றேன். "அது நல்ல மேடு" என்று சொல்லிவிட்டு, அலுவலகப் பொடியனைக் கூப்பிட்டுத் தேநீர் கேட்டார்.

பள்ளிக்கூடக் காணி சின்னது. கூடாரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஏதோ கணக்கெடுப்புக்காக நான் அங்கே போனபோது, கதிரவெளிப் பெண் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்தபடி என்னிடம் பொரிந்து தள்ளினாள். "அங்கால பெரிய காணி இரிந்ததாம். ஆரோ ஒரு முஸ்லிம் காக்கா வேணுமெண்டு தடுத்துப் போட்டாராம். எங்களப் பாத்தா மனிசராத் தெரியல்லையா?" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளில், நாங்கள் கணக்கிட்டதையும் மிஞ்சிய பெருவெள்ளம் வந்தது. அந்தப் பெரிய காணியில் என் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதில் தோணி விட்டு மீன் பிடித்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணிடம் போய், உன் பிள்ளை உயிரோடு இருப்பது அந்தக் காக்காவால்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

நானாவை மட்டம் பார்க்கும் வேலையில் இருந்து எடுத்து, களஞ்சிய அறைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கே பெயின்ற் தகரங்களையும் கயிறுகளையும் எண்ணிக்கொண்டிருந்தார். பிழையைக் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் தந்தார்கள். அந்தக் கடிதத்தோடுதான் என் வேலை நிரந்தரமானது. நானாவிடம் போய், "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு பிழைக்கு ரெண்டு பேர் போகத் தேவையில்ல. நீ இரிந்தா அடுத்த மெப்ப ஒழுங்காச் செய்வாய்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓய்வு பெற்ற நாளில் என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டுத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒருநாளும் எடுத்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஏறாவூருக்குப் போனேன். ஸபியா ராத்தா உள்ளறையில் பாயில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே எழுதியிருப்பது முழுவதையும் சொன்னேன். ஒரு மீற்றரையும் சொன்னேன். நானா வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் கேட்ட விதத்தில் இருந்தே தெரிந்தது. சொந்தக்காரர்கூட அவரைக் கவனமில்லாதவர் என்று பேசினார்களாம். ராத்தாவே கோபத்தில் பல தரம் சொல்லிக் காட்டியிருக்கிறாராம். நான் முடித்த பிறகு தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் இரிக்கக்குள்ள வந்து இதச் சொல்லியிரிக்கலாமே புள்ள" என்றார்.

அதில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நானாவிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது, தன்னை ஜீப்பில் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே எனக்காக அவர் சொன்ன ஒரு பொய். இத்தனை வருடமும் அதை என் நல்ல பெயர் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்துவிட்டேன்.